இரவில் பறக்கக் கண்ணாடி மட்டும் போதுமா? காக்பிட் விளக்குகளில் ஒளிந்திருக்கும் சவால்

இரவுப் பார்வைக் கண்ணாடிகளை வாங்குவது எளிது. அவை தடையின்றிப் பார்க்கும் வகையில் விமானி அறையின் ஒவ்வொரு விளக்கையும் மாற்றியமைப்பதே கடினம். ராணுவத்துக்கும் மீட்புப் பணிகளுக்கும் இது ஏன் முக்கியம்? ஓர் அலசல்.

உள்நாட்டுப் போரில் சிக்கிய சூடானிலிருந்து இந்தியர்களை மீட்பதற்காக நடத்தப்பட்ட ‘ஆபரேஷன் காவேரி’யின்போது, 2023 ஏப்ரல் 27-ஆம் தேதி இரவு, இந்திய விமானப்படையின் சி-130ஜே ரகப் போக்குவரத்து விமானம் ஒன்று வாடி சயீத்னா என்னும் சிறிய விமானத் தளத்தில் தரையிறங்கியது. தலைநகர் கார்ட்டூமுக்கு வடக்கே ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் உள்ள அத்தளத்தின் ஓடுபாதை சிதைந்திருந்தது. வழிகாட்டும் கருவிகள் இல்லை. எரிபொருள் வசதி இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இரவில் தரையிறங்கத் தேவையான ஓடுபாதை விளக்குகளும் இல்லை.

விமானத்தின் அகச்சிவப்பு உணர்கருவிகளின் உதவியால் ஓடுபாதையில் தடைகள் இல்லை என்பதை உறுதி செய்துகொண்ட விமானிகள், இரவுப் பார்வைக் கண்ணாடி அணிந்து விமானத்தை இறக்கினர். எஞ்சின்களை அணைக்காமலேயே, நோயுற்றோரும் கர்ப்பிணி ஒருவரும் உள்ளிட்ட 121 பேரை ஏற்றிக்கொண்டு சவூதி அரேபியாவின் ஜெட்டா நகருக்குப் புறப்பட்டனர். 2024 ஜனவரியில் மலைகள் சூழ்ந்த கார்கில் ஓடுதளத்தில் இதே ரக விமானம் முதன்முறையாக இரவில் தரையிறங்கியது. அதே ஆண்டு மே மாதம், கிழக்குப் பிராந்தியத்தின் முன்களத் தளம் ஒன்றில் இரவுப் பார்வைக் கண்ணாடி உதவியுடன் மற்றொரு சி-130ஜே இறங்கியது.

இத்தகைய சாதனைகளைப் பற்றிய செய்திகளில் விமானிகளின் துணிவும் அவர்கள் அணிந்திருந்த கண்ணாடிகளும் பேசப்பட்டன. அது நியாயமே. ஆனால், அந்தக் கண்ணாடிகள் வேலை செய்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அவ்விமானத்தின் காக்பிட்டில் உள்ள திரைகள், மானிகள், பொத்தான்கள், எச்சரிக்கை விளக்குகள் ஆகியவை கண்ணாடியின் பார்வைக்கு இடையூறு செய்யாத ஒளியை மட்டுமே வெளியிடும்படி வடிவமைக்கப்பட்டவை. அந்த ஏற்பாடு இல்லாத விமானத்தில், உலகின் மிகச் சிறந்த கண்ணாடியை அணிந்தாலும் விமானி வெளியே காண்பது மங்கலான ஒளிப்படலம் மட்டுமே.

எல்லைப் பாதுகாப்பிலும் பேரிடர் மீட்பிலும் இரவு நேரப் பறத்தலின் தேவை பெருகிவரும் வேளையில், அதிகம் பேசப்படாத இந்தப் பொறியியல் கவனத்துக்கு உரியது.

சிவப்பு விளக்கின் காலம்

விமானி இரவில் இரண்டு இடங்களை மாறி மாறிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒன்று, ஒளி குன்றிய வெளியுலகம். மற்றொன்று, உயரம், வேகம், திசை, எரிபொருள் அளவு ஆகியவற்றைக் காட்டும் கருவிகள். கருவிகளைப் படிக்க வெளிச்சம் வேண்டும். வெளியே பார்க்க இருள் வேண்டும். விமானம் இரவில் பறக்கத் தொடங்கிய நாள் முதல் வடிவமைப்பாளர்களை வாட்டும் முரண் இது.

மனிதக் கண்ணின் விழித்திரையில் கூம்பு செல்கள், குச்சி செல்கள் என இருவகை ஒளி உணரும் செல்கள் உள்ளன. நல்ல வெளிச்சத்தில் நிறங்களையும் நுண்ணிய எழுத்துகளையும் காட்டுபவை கூம்பு செல்கள். மங்கிய இருளில் பார்க்க உதவுபவை குச்சி செல்கள். வெளிச்சத்திலிருந்து இருளுக்கு வந்த பிறகு இந்தக் குச்சி செல்கள் முழுத் திறனைப் பெற 30 முதல் 40 நிமிடங்கள் ஆகும். ஆனால், பிரகாசமான ஒளி ஒன்று சில நொடிகள் கண்ணில் பட்டாலே அந்தத் திறன் குலைந்துவிடும்.

குச்சி செல்கள் நீலப்பச்சை ஒளிக்கு அதிகமாகவும், ஆழ்ந்த சிவப்பு ஒளிக்கு மிகக் குறைவாகவும் வினைபுரிகின்றன. இந்த அறிவியல் உண்மையை அடிப்படையாகக் கொண்டு, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் காக்பிட்டுகளில் சிவப்பு விளக்குகள் பரவலாயின. கருவிகளையும் படிக்கலாம், இருளுக்குப் பழகிய கண்ணும் கெடாது என்பதே கணக்கு.

அதற்கும் ஒரு விலை இருந்தது. சிவப்பு வெளிச்சத்தில் வரைபடத்தின் சிவப்புக் கோடுகள் மறைந்தன. அருகிலுள்ள எழுத்துகளைச் சிவப்பு ஒளியில் கூர்ந்து படிப்பது கண்ணுக்குக் களைப்பைத் தந்தது. நாற்பது வயதைக் கடந்த விமானிகள் இதை அதிகமாக உணர்ந்தனர். எனவே பிற்காலத்தில் பல விமானங்கள் குறைந்த அளவிலான வெண்ணிற ஒளிக்கு மாறின. ஆயினும், அதுவரை இந்த விவாதம் முழுவதும் மனிதக் கண்ணைச் சுற்றியே நடந்தது. இரவுப் பார்வைக் கண்ணாடி வந்தபோது கணக்கு தலைகீழானது.

கண்ணுக்கு நண்பன், கண்ணாடிக்குப் பகைவன்

இரவுப் பார்வைக் கண்ணாடி என்பது உண்மையில் ஒளியைப் பெருக்கும் ஒரு சிறு மின்னணுக் கருவி. விண்மீன்களிலிருந்தும் நிலவிலிருந்தும் வந்து தரையில் பட்டுத் தெறிக்கும் சொற்ப ஒளி, கருவியின் முன்பக்கத்தில் உள்ள ஒளி உணர் படலத்தில் விழுந்து எலெக்ட்ரான்களாக மாறுகிறது. லட்சக்கணக்கான நுண்துளைகள் கொண்ட மெல்லிய தகடு ஒன்று அந்த எலெக்ட்ரான்களைப் பல்லாயிரம் மடங்கு பெருக்குகிறது. பெருகிய எலெக்ட்ரான்கள் ஓர் ஒளிர்திரையில் மோதும்போது விமானி காணும் பச்சை அல்லது வெண்ணிறப் படம் உருவாகிறது.

விமானிகள் இன்று பயன்படுத்தும் மூன்றாம் தலைமுறைக் கருவிகளில் காலியம் ஆர்செனைடு என்னும் பொருளாலான உணர்படலம் உள்ளது. இது ஏறத்தாழ 600 முதல் 900 நானோமீட்டர் வரையிலான அலைநீளங்களில், அதாவது சிவப்பிலும் கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்பிலும், மிகக் கூர்மையாகச் செயல்படுகிறது. நிலவில்லாத இரவின் இயற்கை ஒளியில் இந்தப் பகுதியே அதிகம் என்பதால் இப்படி வடிவமைக்கப்பட்டது.

மனிதக் கண்ணின் இருட்பார்வையைக் காத்துவந்த சிவப்பு விளக்கு, இந்தக் கருவிக்குச் சூரியனைப் போன்றது. சாதாரண இழை விளக்கின் நிலையோ இன்னும் மோசம். அதன் ஆற்றலில் மிகப் பெரும்பகுதி அகச்சிவப்பாகவே வெளியேறுகிறது. விமானியின் வெறுங்கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் சிறு குமிழ் விளக்கு, கண்ணாடிக்குள் தீப்பந்தம்போல் எரிகிறது.

‘அப்படியானால் விளக்கின் ஒளியைக் குறைத்துவிட்டால் போதாதா?’ என்ற கேள்வி எழுவது இயல்பு. போதாது. இழை விளக்குக்குச் செல்லும் மின்சாரத்தைக் குறைக்கும்போது இழையின் வெப்பம் தணிகிறது. அப்போது கண்ணுக்குத் தெரியும் ஒளி வேகமாகக் குறைய, மீதமுள்ள ஒளியில் சிவப்பு மற்றும் அகச்சிவப்பின் பங்கு கூடுகிறது. விமானியால் கருவிகளைப் படிக்க முடியாத நிலை வந்த பிறகும் அந்த விளக்கு கண்ணாடியைக் குருடாக்கிக்கொண்டே இருக்கும்.

சத்தமில்லாமல் நேரும் பிழை

இதில் கவலைக்குரிய அம்சம், பாதிப்பு எப்போதும் வெளிப்படையாகத் தெரிவதில்லை என்பது. பார்வைக்கு நேராகப் பிரகாசமான விளக்கு இருந்தால் படத்தில் ஒளிவட்டம் தோன்றும். விமானி உடனே உணர்ந்துகொள்வார். ஆனால், காக்பிட்டின் மூலையில் உள்ள ஒரு விளக்கின் அகச்சிவப்பு, முன்கண்ணாடியில் பட்டு லேசாகத் தெறித்தால் நடப்பது வேறு.

அளவுக்கு மீறிய ஒளியிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள, கருவி தன் பெருக்குத் திறனைத் தானாகவே குறைத்துக்கொள்கிறது. படம் மறைவதில்லை. அதன் தெளிவு மட்டும் குறைகிறது. மலைச்சரிவின் மடிப்பு, மரக்கிளை, மணல் மேடு ஆகியவை பின்னணியோடு கலந்துவிடுகின்றன. விமானியோ, இரவு சற்றுக் கூடுதல் இருட்டாக இருப்பதாக எண்ணிக்கொள்கிறார். தான் காணாதது எது என்பதை அறிய அவருக்கு வழியில்லை. தாழ்வாகப் பறக்கும் ஹெலிகாப்டரில் இதன் விளைவு சில நொடிகளில் தெரிந்துவிடும்.

தொடக்க காலத்தில், காலாட்படைக்காக உருவாக்கப்பட்ட கண்ணாடிகளே அமெரிக்க ராணுவ ஹெலிகாப்டர் விமானிகளுக்கு அளிக்கப்பட்டன. முகத்தை முழுமையாக மூடிய அக்கருவிகளை அணிந்து, அருகிலுள்ள மானிகளைப் பார்ப்பதே பெரும்பாடாக இருந்தது. விளக்குகளை அணைத்தும், ஒட்டுநாடாவால் மறைத்தும், வேதிப்பொருளால் ஒளிரும் குச்சிகளைக் காக்பிட்டில் பொருத்தியும் அவர்கள் சமாளித்தனர். விமானிகளுக்கென்றே வடிவமைக்கப்பட்ட கண்ணாடிகள் 1980-களில் வந்தன. அவை தலைக்கவசத்தில் பொருத்தப்பட்டு, கண்ணிலிருந்து சற்றுத் தள்ளி நிற்கின்றன. விமானி கண்ணாடி வழியே வெளியே பார்க்கிறார். அதன் கீழுள்ள இடைவெளி வழியே வெறுங்கண்ணால் கருவிகளைப் படிக்கிறார்.

இன்றைய காக்பிட் ஒளியமைப்பின் அடிப்படை இதுவே. கருவிகளின் ஒளி வெறுங்கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். அதே ஒளி கண்ணாடிக்குத் தெரியவே கூடாது.

இலையுதிர்ந்த மரம் தந்த அளவுகோல்

இந்த இரட்டை நிபந்தனையை நிறைவேற்ற, ஒளிக்கற்றை இரண்டாகப் பங்கிடப்பட்டது. நீலம், பச்சை ஆகிய பகுதிகள் காக்பிட்டுக்கு. சிவப்பும் அகச்சிவப்பும் கண்ணாடிக்கு. விளக்குகளில் பொருத்தப்படும் வடிகட்டிகள் சிவப்பையும் அகச்சிவப்பையும் தடுக்கின்றன. கண்ணாடியின் முன்வில்லையில் உள்ள வடிகட்டி நீலத்தையும் பச்சையையும் தடுக்கிறது. பூட்டும் சாவியும்போல இரண்டும் பொருந்தினால்தான் பயன்.

அமெரிக்க ராணுவம் 1986-இல் இதற்கெனத் தனித் தரநிலையை வெளியிட்டது. அதன் வழிவந்த மில்-எஸ்டிடி-3009 என்னும் ஆவணமே இன்று பல நாடுகளில் அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. காக்பிட் விளக்கு கண்ணாடிக்கு எவ்வளவு ஒளியை அனுப்பலாம் என்பதற்கு அது வகுத்த வரம்பு சுவையானது. நிலவில்லாத வானில், விண்மீன் வெளிச்சத்தில் மட்டும் நிற்கும் இலையுதிர்ந்த மரம் கண்ணாடிக்கு எவ்வளவு பிரகாசமாகத் தெரியுமோ, கருவி விளக்கு அதைவிடப் பிரகாசமாகத் தெரியக் கூடாது. விமானி காண வேண்டிய மிக மங்கிய பொருளை அவருடைய சொந்த விளக்கு மறைத்துவிடக் கூடாது என்பதே இதன் பொருள்.

கண்ணாடிகளின் வடிகட்டிகளும் வகைப்படுத்தப்பட்டுள்ளன. ‘ஏ’ வகை 625 நானோமீட்டருக்கு மேற்பட்ட ஒளியை ஏற்கிறது. எனவே காக்பிட்டில் சிவப்பைப் பயன்படுத்த இடமில்லை. எச்சரிக்கை விளக்குகளையும் மஞ்சளோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. ‘பி’ வகையின் எல்லை 665 நானோமீட்டர். இதனால் கண்ணாடியின் உணர்திறன் சற்றுக் குறைந்தாலும், வண்ணத்திரைகளுக்கும் கட்டுப்படுத்தப்பட்ட சிவப்பு எச்சரிக்கைகளுக்கும் இடம் கிடைக்கிறது.

மூன்றாவதாக ‘சி’ வகை ஒன்றும் உண்டு. விமானியின் கண்ணுக்கு நேரே, ஒளிபுகும் தகட்டில் வேகத்தையும் உயரத்தையும் பச்சை எழுத்துகளாகக் காட்டும் ஹெட்-அப் டிஸ்ப்ளே என்னும் கருவியைக் கண்ணாடி வழியாகவே பார்த்தாக வேண்டும். பச்சையை முழுவதும் தடுத்தால் அந்த எழுத்துகள் மறைந்துவிடும். எனவே வடிகட்டியில் பச்சைக்கென மிகக் குறுகிய ஒரு வழி மட்டும் திறந்துவிடப்படுகிறது. இரு விமானிகளுக்கும் ஹெட்-அப் டிஸ்ப்ளே கொண்ட சி-130ஜே போன்ற விமானங்களில் இதன் பயன் எளிதில் விளங்கும்.

பழைய விமானத்தை மாற்றும்போது

புதிதாக வடிவமைக்கப்படும் விமானத்தில் இவற்றையெல்லாம் தொடக்கத்திலேயே திட்டமிடலாம். ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கும் பழைய விமானத்தை மாற்றுவதுதான் உண்மையான சோதனை. ஒரு ஹெலிகாப்டரின் காக்பிட்டில் மானிகள், ரேடியோ பலகைகள், சுற்றுத்துண்டிப்பான்கள், தீ எச்சரிக்கை விளக்குகள், வரைபட விளக்கு என ஒளி உமிழும் பொருள்கள் எண்ணற்றவை. தொண்ணூற்றொன்பதை மாற்றி ஒன்றை விட்டுவிட்டாலும் அந்த ஒன்று மொத்தப் பணியையும் வீணாக்கக் கூடும்.

எச்சரிக்கை விளக்குகள் தனிச் சிக்கல். நண்பகல் வெயில் காக்பிட்டுக்குள் பாயும்போதும் தீ எச்சரிக்கை பளிச்செனத் தெரிய வேண்டும். அதே விளக்கு நள்ளிரவில் எரிந்தால் கண்ணாடியைக் குருடாக்கவும் கூடாது. வடிகட்டியைத் தடிமனாக்கினால் பகலில் தெரியாது. மெலிதாக்கினால் இரவில் தொல்லை. காட்சித்திரைகளில் இதற்காகப் பகலுக்கு ஒரு பின்னொளி, இரவுக்கு வேறொரு பின்னொளி என இரட்டை அமைப்பு வைக்கப்படுகிறது.

எல்.இ.டி. விளக்குகள் பணியை ஓரளவு எளிதாக்கியுள்ளன. பச்சை எல்.இ.டி. குறுகிய அலைநீளப் பரப்பில் ஒளிர்வதால் அகச்சிவப்புக் கசிவு குறைவு. ஆனால், வெண்ணிற எல்.இ.டி.யின் ஒளி சிவப்புப் பகுதி வரை நீள்கிறது. எனவே அதற்கும் வடிகட்டி தேவை. எல்.இ.டி. என்றாலே பாதுகாப்பு என்று கருதுவது தவறு.

விளக்குகளோடு வேலை முடிவதில்லை. வளைந்த முன்கண்ணாடியும் பக்கச் சாளரங்களும் உள்ளிருக்கும் ஒளியைத் தெறிக்கின்றன. அதைத் தடுக்க நிழல்தட்டிகள் அமைக்க வேண்டும். சில விமானங்களில் பனியை உருக்கவும் வெப்பத்தைத் தடுக்கவும் முன்கண்ணாடியில் பூசப்படும் மெல்லிய உலோகப் படலம், கண்ணாடிக்குத் தேவையான அண்மை அகச்சிவப்பையும் சேர்த்தே தடுத்துவிடுகிறது. பின்னால் வீரர்கள் அமரும் பகுதியின் விளக்கு, மருத்துவப் பணியாளரின் கைவிளக்கு, யாரோ ஒருவர் எடுத்துப் பார்க்கும் கைப்பேசித் திரை ஆகியவையும் கணக்கில் சேரும்.

இத்தனையையும் சரிபார்க்க இருவகைச் சோதனைகள் உண்டு. ஒவ்வொரு விளக்கும் எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளியை உமிழ்கிறது என்பதை நுண்கருவியால் அளப்பது ஒன்று. முற்றிலும் இருட்டாக்கப்பட்ட கூடத்தில் விமானத்தை நிறுத்தி, வெளியே கோடுகள் வரைந்த பலகையை வைத்து, கண்ணாடி அணிந்த விமானி காக்பிட் விளக்குகள் எரியும்போதும் அணைந்திருக்கும்போதும் அதை ஒரே தெளிவுடன் காண்கிறாரா எனப் பார்ப்பது மற்றொன்று. இரண்டு நிலைகளிலும் வேறுபாடு இருக்கக் கூடாது.

இந்தியாவின் நிலை

இந்தியப் படைகளில் இன்று இரு தலைமுறை விமானங்கள் அருகருகே நிற்கின்றன. சி-130ஜே போக்குவரத்து விமானம், 2019-இல் சேர்க்கப்பட்ட சினூக், அப்பாச்சி ஹெலிகாப்டர்கள் ஆகியவை இரவுப் பார்வைக் கண்ணாடிக்கு ஏற்ற காக்பிட்டுடன் வந்தவை. இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் ‘பிரசண்ட்’ இலகு ரகப் போர் ஹெலிகாப்டர், மானிகளுக்குப் பதில் மின்னணுத் திரைகள் கொண்ட காக்பிட்டுடன் வடிவமைக்கப்பட்டது. 2025 மார்ச் மாதம் 156 பிரசண்ட் ஹெலிகாப்டர்களுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. அவை பெங்களூருவிலும் தும்கூருவிலும் உருவாகவுள்ளன.

மறுபுறம், 1960-களில் சேவைக்கு வந்த சேத்தக், 1970-களின் சீட்டா ஆகிய ஹெலிகாப்டர் குடும்பங்கள் உள்ளன. பனிமலை முகாம்களுக்கு உணவையும் மருந்தையும் கொண்டுசேர்த்து, நோயுற்ற வீரர்களைக் கீழே இறக்கிவரும் பெரும் உழைப்பாளிகள் இவை. ஆனால், இரவுப் பார்வைக் கண்ணாடியைப் பற்றி வடிவமைப்பாளர் எவரும் சிந்திக்காத காலத்தில் உருவானவை. 1984 முதல் சேவையில் உள்ள ஏஎன்-32 போக்குவரத்து விமானமும் முள் மானிகளும் பழைய விளக்குகளும் நிறைந்த காக்பிட்டுகளின் காலத்தைச் சேர்ந்ததே.

மலைப்பகுதியில் இந்த இடைவெளியின் கனம் கூடுகிறது. உயரம் கூடக் கூட ஆக்சிஜன் குறைவதால் வெறுங்கண்ணின் இருட்பார்வை முதலில் தளர்கிறது. ஏறத்தாழ 5,000 அடியிலேயே இது தொடங்கிவிடும். லடாக்கின் பல தளங்கள் 10,000 அடிக்கும் மேலே உள்ளன. மங்கிய விளக்கில் கருவியைப் படிக்கும் கண்ணும், தெளிவு குறைந்த படத்தைக் காட்டும் கண்ணாடியும் ஒருசேரத் தளர்ந்தால் விமானிக்கு மிஞ்சுவது அனுபவம் மட்டுமே.

கண்ணாடிகளைப் பொறுத்தவரை உள்நாட்டு அடித்தளம் இருக்கிறது. பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் மசூலிப்பட்டினம் பிரிவு இரவுப் பார்வைக் கருவிகளைத் தயாரிக்கிறது. அதன் புனே துணை நிறுவனம், கருவியின் இதயமான ஒளிபெருக்குக் குழாய்களை உருவாக்குகிறது. கொள்முதல் அறிவிப்புகளில் எண்ணிக்கையாக எழுதக்கூடியது கண்ணாடி. காக்பிட்டின் ஒளியமைப்போ மேம்பாட்டுத் திட்டம் ஒன்றின் உட்பிரிவாக, பெரும்பாலும் யார் கண்ணிலும் படாமல் கடந்துபோகிறது. கண்ணாடி வாங்கிய நாளில் இரவுத் திறன் கிடைத்துவிட்டதாகக் கருதும் போக்குக்கு இதுவே வித்திடுகிறது.

மீட்புப் பணியும் இரவும்

இப்பிரச்சினை ராணுவத்தோடு நிற்பதில்லை. 2022 ஏப்ரல் 10-ஆம் தேதி ஜார்க்கண்ட் மாநிலம் தேவ்கர் அருகே திரிகூட மலையில் ரோப் கார் விபத்து நிகழ்ந்தது. அந்தரத்தில் தொங்கிய பெட்டிகளில் சிக்கியோரை மீட்கும் பணியில் விமானப்படை ஹெலிகாப்டர்கள் ஈடுபட்டன. இருட்டியதும் ஹெலிகாப்டர் மீட்பு நிறுத்தப்பட, சிலர் இரண்டு இரவுகளை அந்தரத்தில் கழிக்க நேர்ந்தது. பணி முடிய 40 மணி நேரத்துக்கும் மேலானது. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டை உலுக்கிய நிலச்சரிவு, ஊர் உறங்கிக்கொண்டிருந்த விடியலுக்கு முந்தைய இருளில் நிகழ்ந்தது. இயற்கைச் சீற்றம் பகல் நேரம் பார்த்து வருவதில்லை.

அதே வேளையில், இரவுப் பார்வைக் கண்ணாடி இருந்திருந்தால் திரிகூட மலையில் எல்லோரையும் அன்றிரவே மீட்டிருக்கலாம் என்று கூறுவதும் சரியன்று. அக்கருவியில் மிக மோசமாகத் தெரிபவற்றில் மெல்லிய கம்பிகளும் வடங்களும் முதன்மையானவை. ரோப் கார் வடங்களுக்கு நடுவே இரவில் ஹெலிகாப்டரை நிறுத்துவது, கண்ணாடி அணிந்த விமானிக்கும் பேராபத்து. கண்ணாடியின் பார்வைப் பரப்பு ஏறத்தாழ 40 பாகை மட்டுமே. இயல்பான மனிதப் பார்வையோ 180 பாகையைத் தாண்டும். நிறம் தெரியாது. தொலைவைக் கணிப்பது கடினம். இந்த வரம்புகளுக்கு உட்பட்டுக் கிடைக்கும் சிறிதளவு தெளிவையும் காக்பிட் விளக்குகள் பறித்துக்கொள்ளக் கூடாது என்பதே வாதம்.

இந்தியாவில், கண்ணால் பார்த்துப் பறக்கும் விதிகளின்கீழ் இயங்கும் பயணங்கள், சூரியன் மறைந்து 20 நிமிடங்கள் கழிந்ததிலிருந்து மறுநாள் உதயத்துக்கு 20 நிமிடங்கள் முன்பு வரை, சில விலக்குகள் தவிர, அனுமதிக்கப்படுவதில்லை. தற்போதைய சூழலில் இக்கட்டுப்பாடு நியாயமானதே. அமெரிக்காவில் 1999-ஆம் ஆண்டிலேயே மருத்துவ ஹெலிகாப்டர் சேவைக்கு இரவுப் பார்வைக் கண்ணாடி அனுமதிக்கப்பட்டது. கண்ணாடியோடு காக்பிட் ஒளியமைப்பு, விமானிப் பயிற்சி, பராமரிப்பு முறை ஆகிய அனைத்தும் சேர்ந்த ஒரே அமைப்பாகவே அங்கு அது பார்க்கப்படுகிறது. 2024 அக்டோபரில் ரிஷிகேஷ் எய்ம்ஸ் மருத்துவமனையின் ஹெலி ஆம்புலன்ஸ் சேவை தொடங்கப்பட்டது. இத்தகைய சேவைகள் பெருகும்போது, இரவிலும் பறக்க வேண்டும் என்ற கோரிக்கை இங்கும் எழுந்தே தீரும்.

காக்பிட்டுக்கு வெளியேயும் ஒரு பாடம் இருக்கிறது. உயர்ந்த கோபுரங்களின் உச்சியில் எரியும் சிவப்பு எச்சரிக்கை விளக்குகள் எல்.இ.டி.க்கு மாறியபோது, அவற்றுள் சில, வெறுங்கண்ணுக்குப் பளிச்செனத் தெரிந்தும், இரவுப் பார்வைக் கண்ணாடிக்குத் தெரியாமல் போயின. காக்பிட்டின் சிவப்பை விலக்குவதற்காகப் பொருத்தப்பட்ட அதே வடிகட்டி, கோபுரத்தின் சிவப்பையும் விலக்கிவிட்டதே காரணம். அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் 2009-இல் இதுகுறித்து விமானிகளை எச்சரித்தது. கைப்பேசிக் கோபுரங்களும் காற்றாலைகளும் பெருகிவரும் இந்தியாவிலும், தடை விளக்குகளுக்கான விதிமுறைகளை வகுப்போர் இதைக் கருத வேண்டும்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, கண்ணாடிக் கொள்முதலும் காக்பிட் மாற்றமும் ஒரே திட்டமாக, ஒரே காலக்கெடுவுடன் அமைய வேண்டும். எத்தனை கண்ணாடிகள் வாங்கப்பட்டன என்பதைவிட, அவற்றுக்குப் பொருந்தும் காக்பிட் எத்தனை விமானங்களில் சோதித்துச் சான்றளிக்கப்பட்டது என்பதே இரவுத் திறனுக்குச் சரியான அளவு. எஞ்சிய சேவைக் காலம் குறைவாக உள்ள விமானங்களில் பெரும்பொருள் செலவிடுவதா, அந்தப் பணியைப் புதிய ஹெலிகாப்டர்களுக்கு மாற்றுவதா என்ற முடிவையும் அப்போதுதான் நேர்மையாக எடுக்க முடியும்.

இரண்டாவதாக, பராமரிப்பு. சான்றளிக்கப்பட்ட காக்பிட் என்றென்றும் அப்படியே இருப்பதில்லை. வடிகட்டியில் கீறல் விழுகிறது. புதிதாக ஒரு ரேடியோ பொருத்தப்படுகிறது. பழுதான விளக்குக்குப் பதிலாக, கிடங்கில் கிடைத்த சாதாரண விளக்கு மாட்டப்படுகிறது. பகலில் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். எனவே, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இருட்டறைச் சோதனையைக் கட்டாயமாக்குவதும், அதைச் செய்யத் தெரிந்த தொழில்நுட்பர்களை உருவாக்குவதும் அவசியம்.

மூன்றாவதாக, மருத்துவ, மீட்பு ஹெலிகாப்டர்களை வாங்கும் மாநில அரசுகளும் தனியார் நிறுவனங்களும், இப்போது பகலில் மட்டுமே பறந்தாலும், இரவுப் பார்வைக்கு ஏற்ற காக்பிட்டை ஒப்பந்த நிலையிலேயே கேட்டுப் பெறுவது நல்லது. புதிய விமானத்தில் அதைச் சேர்ப்பது எளிது. பத்தாண்டுகள் கழித்துப் பிரித்து மாற்றுவது கடினம், செலவும் மிகுதி.

வாடி சயீத்னாவில் விளக்கில்லாத ஓடுபாதையைக் கண்டறிந்த விமானிகளின் திறமைக்குப் பின்னால், அவர்களது பார்வையை மறைக்காத ஒரு காக்பிட் இருந்தது. பனிமலையில் நோயுற்ற வீரரை அழைத்துவரப் புறப்படும் ஹெலிகாப்டர் விமானிக்கும் அதே ஏற்பாடு கிடைக்க வேண்டும். அதற்குத் தேவையான தொழில்நுட்பம் நாற்பது ஆண்டுகளாக உலகில் இருக்கிறது. திட்டமிடலும் தொடர்ந்த கண்காணிப்பும்தான் இனி வேண்டும்.